கீழ்த்தொட்டி

வைப்பின்,
18 ஏப்ரல் 2011

ஜெசிக்கு,

ஃபோனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, சொல்வதை எழுதுங்கள் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். கில்தான் தீவு எப்படி, ஆஸ்பத்திரி எப்படி என்று கேட்கப் போவதில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நீயாகக் கப்பலேறிப் போன இடம். நன்றாகத்தான் இருக்கும்.

மிலு சுகம். பள்ளி விட்டதும் படகு ஜெட்டிக்கு வந்து நான் ஓட்டுகிற போட்டில் அக்கரைக்கு ஒரு நடை போய்த் திரும்புகிறாள். சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பப்பா, இதே தண்ணிதானே அம்மா இருக்கிற இடம் வரைக்கும் போகுது?" என்று கேட்டாள். அன்றைக்கே தோப்பும்படியில் ஒருத்தன் வளைகுடா போகிறான் என்று தொட்டியை விற்கிற சேதி வந்தது. உப்புத் தண்ணீர் மீன் தொட்டி, மூன்றடி நீளம். வாங்கிவிட்டேன். இரண்டு கோமாளி மீன்களும் கூடவே வந்தன. பெரியதற்கு 'கப்பித்தான்' என்று மிலு பெயர் வைத்திருக்கிறாள், கேப்டனாம். சின்னதற்கு 'சிஸ்டர்'. வெள்ளைப் பட்டை போட்டிருக்கிறதாம், உன் யூனிஃபார்ம் மாதிரி.

கடல் மீனுக்குத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு மேல்தொட்டியின் அடியில் இன்னொரு தொட்டி வைக்கிறார்கள். சம்ப் என்று பெயர். மேலிருந்து வழிகிற தண்ணீர் குழாய் வழியாக அதில் விழும். ஒரு அறையில் நுரை பிரியும், நடு அறையில் கல் அழுக்கைத் தின்னும், கடைசி அறையில் ஒரு மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும். உன் தம்பி லாயிடுக்கு விளக்கினேன். "அளியா, மீனுக்கு ஒரு வீடு, மீனோட பீக்கு ஒரு வீடா? நான் இன்னும் வாடகை வீட்ல இருக்கேன்" என்கிறான். குழாய் வேலை அவன்தான் செய்யப் போகிறான்.

ஒரு உதவி. நடு அறைக்கு உயிருள்ள கடல் கல் வேண்டும். இங்கே அது பொன் விலை. அங்கே குனிந்தால் கிடைக்கும். அடுத்த கப்பலில் ஒரு டிரம் அனுப்பு.

செவரின்

*

கில்தான்,
29 ஏப்ரல் 2011

மிலுவின் பப்பாவுக்கு,

மூன்று மாதத்தில் உங்களிடமிருந்து வந்த முதல் கடிதம். அதில் எனக்கென்று இருந்தது ஒரு டிரம் கல்.

அனுப்ப மாட்டேன். இங்கே கடலிலிருந்து கல் எடுப்பது குற்றம். கல் என்று நீங்கள் சொல்வது கல்லும் இல்லை, உயிர். ஒரு அரசாங்க நர்ஸ் டிரம்மில் திருட்டுச் சரக்கு அனுப்பினாள் என்று பெயர் வாங்கவா நான் இங்கே வந்தேன்?

மிலு மீன் கேட்டாளா, நீங்களாக வாங்கினீர்களா? போன ஞாயிறு ஃபோனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அறுந்துபோனது. "அம்மா, சிஸ்டர் என்னையே பாக்குது" என்றாள். நான் எந்த சிஸ்டர் என்று பயந்துபோனேன்.

உப்புத் தண்ணீரும் கரண்டும் தொட்டிக்கு அடியில் ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கப் போகின்றன. உங்களுக்குப் படகு எஞ்சின் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும் என்று நினைப்பதும் தெரியும். பிளக் போர்டைத் தரையில் வைக்காதீர்கள். லாயிடை நம்பாதீர்கள். அவன் சின்ன வயதிலிருந்தே ஸ்விட்சை அணைக்காமல் பல்ப் மாற்றுகிறவன்.

இங்கே நான்கு பக்கமும் கடல். பச்சையாக, அசையாமல், பாத்திரத்தில் ஊற்றி வைத்தது போல இருக்கிறது. அழகென்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ அது எதையோ யோசித்துக்கொண்டு கிடப்பது போல இருக்கிறது.

மிலுவுக்குத் தலையில் எண்ணெய் வைக்கவும்.

ஜசிந்தா

*

வைப்பின்,
14 மே 2011

ஜெசிக்கு,

நீ அனுப்பாவிட்டால் கல் வராதா? கப்பலில் சமையல் செய்கிற ஒருத்தன் என் போட்டில்தான் அக்கரைக்குப் போய்வருகிறவன். அடுத்த பயணத்தில் ஒரு டிரம் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். உன் பெயர் இதில் எங்கும் வராது. நிம்மதியாக இரு.

சம்ப் முடிந்துவிட்டது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை லாயிட் எங்கிருந்தோ கொண்டுவந்தான். உள்ளே கண்ணாடித் தடுப்புகளை நிறுத்தி சிலிக்கான் பசை பூசி ஒட்டினோம். மேல்தொட்டியில் துளை போடும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். துளை வட்டமாக விழுந்தது. குழாய் மாட்டி, தண்ணீர் ஊற்றி, மோட்டாரைப் போட்டோம். மேலிருந்து தண்ணீர் இறங்கி, அறை அறையாகத் தடுப்பு தாண்டி, மறுபடி மேலே ஏறியது. மிலு கை தட்டினாள். "பப்பா, வீட்டுக்குள்ள ஆறு ஓடுது!"

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

மோட்டார் நின்றால் தண்ணீரும் நிற்கும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. மேலே தண்ணீர் விடுகிற குழாயின் வாய் ஆழத்தில் இருந்தது. அது அப்படியே தலைகீழாக உறிஞ்ச ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் மேல்தொட்டி இறங்குகிறது, கீழ்த்தொட்டி நிறைகிறது, வழிகிறது. நாங்கள் எதை அடைப்பது என்று தெரியாமல் நிற்கிறோம். கீழ்வீட்டு ஃபிலோமினா சேச்சி அலறுகிறார்: "டேய் செவரினே! எங்க மாதா படத்து மேல கடல் கொட்டுதுடா!"

கரண்டு திரும்பி வந்தபோது லாயிட் ஈரத்தில் நின்றுகொண்டு பிளக் போர்டைத் தூக்கினான். அவனைச் சுவர் வரைக்கும் வீசிவிட்டது. எழுந்து உட்கார்ந்து, "அளியா, ஜெசி சேச்சிக்கு எழுதிடாதே" என்றான். எழுதிவிட்டேன். உன்னிடம் மறைத்தேன் என்ற பேச்சு வேண்டாம்.

போர்டை இப்போது சுவரில் உயரமாக அடித்துவிட்டேன். குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஏற்றி, அருகில் ஒரு சின்னத் துளை போட்டேன். மட்டம் இறங்கினால் அது காற்றை உறிஞ்சி ஓட்டத்தை அறுத்துவிடும். மூன்று முறை வேண்டுமென்றே மோட்டாரை நிறுத்திப் பார்த்தாயிற்று. ஒரு சொட்டு வழியவில்லை. இனிமேல் பயப்பட எதுவும் இல்லை.

செவரின்

*

கில்தான்,
24 மே 2011

மிலுவின் பப்பாவுக்கு,

லாயிட் உயிரோடு இருக்கிறான் என்பதை ஏதோ தமாஷ் போல எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்தை இரண்டாவது முறை படிக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கப் போகிறது. இனிமேல் கப்பல் எப்போது வரும், எப்போது வராது என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து எழுதுகிறேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர், நானும் சுலைகாவும் நர்ஸ்கள். பிரசவம், காய்ச்சல், தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள். போன வாரம் வித்தியாசமான ஒரு கேஸ் வந்தது. அஷ்ரஃப் என்று ஒரு பையன், கல்யாணமாகி ஆறு மாதம். கடலில் ஏதோ வேலை பார்க்கும்போது விரலைக் கிழித்துக்கொண்டான். சின்னக் காயம்தான். ஆனால் வந்தபோது தரையில் நிற்க முடியவில்லை. வெயிலில் குளிரால் நடுங்குகிறான். உதடு மரத்துப்போயிருக்கிறது. "சிஸ்டரே, வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரி இருக்கு" என்கிறான். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறு. பாம்பு கடித்ததா, மீன் முள்ளா என்று கேட்டால் இல்லை என்கிறான். எதில் கிழித்துக்கொண்டாய் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். மூன்று நாள் கழித்து எழுந்து போய்விட்டான். கை இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்.

அவன் மனைவி வாசலில் உட்கார்ந்து அழுதாள். என்னால் வேறு எதுவும் செய்ய முடியாமல் அவளுக்குப் பால் விடாமல் ஒரு கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். எதனால் என்று தெரியாத நோயைப் போல மனிதரை நடுங்கவைப்பது வேறில்லை.

மிலுவை ஈரத் தரையில் நடக்க விடாதீர்கள். லாயிடிடம் நான் திட்டினேன் என்று சொல்லுங்கள்.

ஜசிந்தா

*

வைப்பின்,
2 ஜூன் 2011

ஜெசிக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. கப்பல் போகிறது என்றார்கள், முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

கல் வந்துவிட்டது! ஈரச் சாக்கில் சுற்றி டிரம்மில் வந்தது. சம்ப்பின் நடு அறை நிறைய வைத்தேன், மிச்சத்தை மேல்தொட்டியில் அடுக்கினேன். ஒவ்வொரு கல்லும் ஒரு ஊர். புழு, நண்டுக் குஞ்சு, ஊதா நிறப் பூச்சு. கல்லின் மேல் பழுப்பு நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருக்கிறது. விளக்கைப் போட்டால் அது முழுக்கப் பித்தான் பித்தானாக விரிகிறது. தொட்டால் மூடிக்கொண்டு சளி கக்குகிறது. மிலுவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "கண்ணு மாதிரி இருக்கு, பப்பா" என்கிறாள்.

ஒரே வாரத்தில் அந்தப் பித்தான் கூட்டம் பெருகிவிட்டது. நத்தை எல்லாம் செத்துக் கிடந்தன. கப்பித்தானும் சிஸ்டரும் ஒரு மூலையை விட்டு வருவதில்லை. எறணாகுளத்து மீன் கடைக்காரன், "அது பேன் மாதிரி சேட்டா, விட்டா தொட்டி முழுக்கப் பிடிச்சிடும், தேச்சு எடுத்துடுங்க" என்றான். லாயிட் ஒரு கல்லை எடுத்துக் கிணற்றடியில் வைத்து இரும்புப் பிரஷ் போட்டுத் தேய்த்தான். அது அவன் முகத்திலேயே பீச்சியடித்தது. சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல். மழையில் நின்றதால் என்று நினைக்கிறேன். நடுங்கிக்கொண்டே கஞ்சி குடித்தான், உப்பே தெரியவில்லை என்றான். "ஒரு ரூபாக் காசை நாக்குல வெச்ச மாதிரி இருக்கு அளியா. உன் பொண்டாட்டி கஞ்சிதான் தேவலாம்." மறுநாள் வேலைக்குப் போகவில்லை. இப்போது பரவாயில்லை.

தேய்த்து மாளாது. கடைக்காரன் இன்னொரு வழி சொன்னான். கல்லைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் வேரோடு செத்துவிடும், சில வாரத்தில் கல் மறுபடி உயிர் பிடிக்கும். கப்பைக் கிழங்கு வேகவைக்கிற பெரிய கலம் இருக்கிறதே, அது போதும். பன்னிரண்டாம் தேதி ஞாயிறு எனக்கு லீவு. லாயிடும் வருகிறான். அன்றைக்கு இந்தச் சனியனைத் தொலைத்துவிடுவோம்.

மிலு உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன்.

செவரின்

*

கில்தான்,
12 ஜூன், ஞாயிறு காலை

சேட்டா,

கல்லை வேகவைக்காதீர்கள்.

உங்கள் கடிதம் நேற்று மாலைக் கப்பலில்தான் வந்தது. படித்ததும் ஃபோனுக்கு ஓடினேன். காற்றில் டவர் விழுந்து ஒரு வாரம் ஆகிறது. அஷ்ரஃபின் வீட்டுக்குப் போனேன். "யாருக்காகக் கல் எடுத்தே? உண்மையைச் சொல்லு, கேஸ் கொடுக்க மாட்டேன்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "கப்பல் சமையக்காரர் கேட்டாரு சிஸ்டரே. வைப்பின்ல போட் ஓட்டற ஒரு சிராங்குக்காம்."

அவன் கையைக் கிழித்த கல்லிலும் அந்தப் பழுப்புப் பித்தான்தான் இருந்தது. அதன் சளியில் விஷம். எங்கள் டாக்டர் புத்தகம் முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கொதிக்கவைத்தால் விஷம் சாகாது, ஆவியோடு கிளம்பும். அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல், இதயம் இரண்டையும் பிடிக்கும். லாயிடுக்கு வந்தது மழைக் காய்ச்சல் இல்லை.

மிலுவை வீட்டிலிருந்து உடனே வெளியே அனுப்புங்கள். கல்லைத் தொடாதீர்கள். தேய்க்காதீர்கள். தொட்டியின் அருகில் யாரும் போக வேண்டாம்.

பிரசவத்தில் சிக்கலான ஒரு பெண்ணை ஏற்றிப்போக, நேற்று கப்பல் கிளம்பும் முன் அதன் வயர்லெஸ்ஸில் டாக்டர் கேட்டிருந்த ஹெலிகாப்டர் இறங்குகிறது. சுலைகா கூடப் போகிறாள். இதை அவள் கையில் கொடுக்கிறேன். எறணாகுளத்தில் இறங்கியதும் நேராக உங்களிடம் வரச் சொல்லியிருக்கிறேன்.

விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறது. மணலெல்லாம் பறக்கிறது. ஏசுவே, இன்னும் அடுப்பு மூட்டியிருக்கக் கூடாது.

ஜெசி

*

எறணாகுளம் ஆஸ்பத்திரி,
16 ஜூன் 2011

ஜெசி,

முதலில் இதைப் படி: மிலு கண் விழித்துவிட்டாள். நேற்று புட்டும் பழமும் கேட்டாள். லாயிட் இன்னும் ஐ.சி.யு.வில் இருக்கிறான். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது என்கிறார்கள்.

உன் கடிதம் வந்தது. எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஞாயிறு மதியம் நான் கேஷுவால்ட்டி வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மூச்சுக் குழாயோடு உன் மகளும் உன் தம்பியும். ஒரு ஸ்ட்ரெச்சரில் பிரசவக் கேஸ் உள்ளே போனது. கூட வந்த நர்ஸ் பெண் வெளியே வந்து, "சேட்டா, வைப்பினுக்கு எப்படிப் போகணும்?" என்று என்னிடம்தான் கேட்டாள். எனக்கு வழி சொல்லும் நிதானம் இல்லை. "வைப்பின்ல யார் வீடு?" என்றேன். "போட் ஓட்டற செவரின்." அவள் கையில் இருந்த கவரில் உன் எழுத்து.

காலையில் நல்ல மழை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தோம். கலம் கொதித்தது, கல்லைப் போட்டு மூடினேன். மிலு ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அழுகிய கடல் வாடை வந்தது, அவ்வளவுதான். லாயிட் மூடியைத் திறந்து முகத்தை நீட்டி, "அளியா, சூப் ரெடி" என்றான். பிறகு இருமினான். சிரிக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஹாலில் மிலுவும் இருமினாள். எனக்கும் நெஞ்சில் யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி. அடுப்பை அணைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். திரும்பி ஏறிப் போனபோது லாயிட் சமையலறைத் தரையில் கண்ணைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். நம் போட்டிலேயே போட்டு அக்கரைக்குக் கொண்டுவந்தேன். சங்கை விடாமல் ஊதினேன், எல்லாப் படகும் விலகியது.

இங்கே டாக்டர்கள் கேஸ் கசிவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் கடிதத்தை அவர்கள் கையில் கொடுத்தேன். பெரிய டாக்டர் நின்றுகொண்டே படித்தார். பிறகுதான் எல்லாம் வேகமாக நடந்தது. லாயிடின் சிறுநீர் கறுத்துப் போயிருந்தது, அதற்கு உடனே வைத்தியம் தொடங்கினார்கள். நேரம் தவறியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார். அவன் வலது கண் மட்டும் சந்தேகம். வெள்ளையாகப் படலம் விழுந்திருக்கிறது.

நேற்று முகத்தில் துணி கட்டி, கையுறை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஜன்னலெல்லாம் திறந்தேன். கப்பித்தானும் சிஸ்டரும் மிதந்தன. எல்லாக் கல்லையும் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோய்ப் போட்டாயிற்று. தொட்டி, சம்ப், குழாய் எதுவும் இனி வீட்டில் இல்லை. முடிந்தது.

நீ வர முடியுமா?

செவரின்

*

கில்தான்,
27 ஜூன் 2011

சேட்டா,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரையில் நின்றேன். முதல் வரியைப் படித்துவிட்டு அங்கேயே மண்டியிட்டேன். பிறகுதான் மற்றதைப் படித்தேன்.

நான் வர முடியவில்லை. நீ வர முடியுமா என்று கேட்டதை எத்தனை முறை நினைத்திருப்பேன். கப்பல் இரண்டு தடவை அறிவித்து இரண்டு தடவையும் ரத்தானது. அலை இறங்கவில்லை. தபால் பை மட்டும் ஹெலிகாப்டரில் வந்துபோகிறது. சுலைகாவுக்கு அதில் இடம் கிடைக்காமல் அங்கே மாட்டிக்கொண்டாள், இங்கே நான் ஒருத்திதான் நர்ஸ். நோயாளியை ஏற்றுகிற ஹெலிகாப்டரில் நான் ஏறினால் ஆஸ்பத்திரியைப் பூட்ட வேண்டும். டவருக்கு ஏதோ தட்டு கொச்சியிலிருந்து வர வேண்டுமாம். அதுவும் கப்பல் வந்தால்தான்.

மிலுவுக்கு மூச்சு இரைக்கிறதா என்று தூங்கும்போது காது வைத்துக் கேளுங்கள். லாயிடின் கண்ணை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். நான் அவனிடம் பேசியதெல்லாம் திட்டு மட்டும்தான் என்பது இங்கே தினமும் வந்து என் முன்னால் நிற்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். 'வெளியே கொண்டுபோய்ப் போட்டாயிற்று' என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே என்றால் எங்கே? எங்கள் டாக்டரிடம் படித்துக் காட்டினேன். அந்தத் தோல் காய்ந்தாலும் விஷம் போகாது என்கிறார். குழி தோண்டினீர்களா? பிளீச்சிங் பவுடர் போட்டீர்களா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு உடனே போங்கள். அஷ்ரஃப் கரையில் போட்டுவைத்திருந்த கல்லை நாங்கள் இங்கே குழி வெட்டிப் புதைத்தோம். அவன் மனைவிதான் முதலில் மண்வெட்டியை எடுத்தாள்.

எனக்கு ஏனோ பயம் விடவில்லை.

ஜெசி

*

வைப்பின்,
12 ஜூலை 2011

ஜெசி,

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் போனேன்.

வாய்க்கால் ஓரத்தில் கட்டடம் எழும்புகிற காலி மனையில் சாக்குகளை வைத்திருந்தேன். கார்ப்பரேஷன் குப்பையோடு போகும் என்று நினைத்தேன். போனபோது சாக்கு இல்லை. தகரக் கொட்டகை ஓரத்தில் ஒரிசாவிலிருந்து வந்த வேலைக்காரக் குடும்பங்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பானைக்கு அடியில் மூன்று கல். ஓட்டை ஓட்டையாக வெள்ளைக் கல். ஒன்றின் மேல் கருகிய தோல் தெரிந்தது.

நான் எதையும் யோசிக்கவில்லை. பானையை எட்டி உதைத்தேன். கஞ்சி மண்ணில் கொட்டியது. அந்தப் பெண் அலறினாள், ஆட்கள் ஓடிவந்து சட்டையைப் பிடித்தார்கள், ஒருத்தன் கன்னத்தில் அறைந்தான். ஏழை வீட்டுக் கஞ்சிப் பானையை உதைக்கிறவனை வேறு என்ன செய்வார்கள்? எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் விஷம் விஷம் என்று கத்தினேன். கல்லைக் காட்டினேன், தொண்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டுகிற மாதிரி நடித்தேன். குடிகாரன் என்று சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் போய் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து நடுக்கமாம், வாந்தியாம். உதடு நீலம் பாரித்திருந்தது.

அதே போட். அதே சங்கு. அதே கேஷுவால்ட்டி. பெரிய டாக்டர் என்னைப் பார்த்ததும், "மறுபடியுமா?" என்றார். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

குழந்தை பிழைத்துவிட்டது. தாய் தகப்பனுக்கு நான்தான் சாப்பாடு கொண்டுபோகிறேன். இப்போது அறைந்தவனே போட்டில் ஏறும்போது எனக்குக் கைகூப்புகிறான். அந்த மூன்று கல்லையும் பிளீச்சிங் பவுடர் போட்டு ஆழக் குழியில் புதைத்துவிட்டேன். ஆனால் சாக்கில் இருந்தது மூன்று கல் இல்லை, ஜெசி. மிச்சம் எங்கே என்று கேட்டேன். ஸ்கூட்டரில் ஒருத்தர் வந்தார், நல்ல கல் என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போனார் என்றார்கள்.

கடை கடையாக ஏறினேன். கடைக்குள் நுழைந்தால் மேலே மீனைப் பார்ப்பதில்லை. குனிந்து கீழ்த்தொட்டியைப் பார்க்கிறேன். முதலாளிகள் என்னைத் திருடன் மாதிரி பார்க்கிறார்கள். கலூரில் ஒரு சின்னக் கடையில் ஸ்கூட்டர்காரனைக் கண்டுபிடித்தேன். நல்ல மனுஷன்தான். நான் சொல்லச் சொல்ல முகம் வெளுத்தது. அவனிடம் இரண்டு கல் மிச்சம் இருந்தது. வாங்கிவந்து புதைத்தேன்.

"மத்ததை என்ன செஞ்சீங்க?"

"சேட்டா, நான் கெட்ட எண்ணத்துல செய்யல. புதுசா சம்ப் வைக்கிறவங்க வருவாங்கல்ல, முதல் தொட்டி, ஆசையா வாங்குவாங்க. அவங்களுக்கு ஒவ்வொண்ணு சும்மா குடுத்தேன்."

தெரிந்தவர்களுக்கு அவன் ஃபோன் செய்தான். சிலர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். ஒருவர் பிரஷ் வாங்கி வைத்திருந்தாராம், அன்று சாயங்காலம் தேய்ப்பதாக இருந்தாராம். மற்றவர்கள் யார், எந்த ஊர் என்று அவனுக்கே தெரியவில்லை. போலீஸில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். "கல்லா?" என்று ஒருத்தர் இரண்டு முறை கேட்டார்.

லாயிட் வீட்டுக்கு வந்துவிட்டான். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. "சேச்சியை இனிமே பாதிதான் பாக்க முடியும், பாதித் திட்டு மிச்சம்" என்கிறான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மிலு பள்ளிக்குப் போகிறாள். படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறாள். தூங்கும்போது காது வைத்துக் கேட்கிறேன். சில சமயம் ஒரு சின்ன விசில் கேட்கிறது, சில சமயம் கேட்பதில்லை. அலை எப்போது இறங்கினாலும் முதல் கப்பலில் வா. சண்டை போடவாவது வா.

ஜெட்டியில் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். போட்டின் உள்ளேயும் ஒன்று. பழுப்புத் தோல் படர்ந்த கடல் கல் யாரிடமாவது இருந்தால் தேய்க்க வேண்டாம், வேகவைக்க வேண்டாம், சிராங்கிடம் சொல்லவும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஜனங்கள் படிக்கிறார்கள். "கல்லை யாருடா வேகவெப்பான்?" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முகத்தையே பார்க்கிறேன்.

நேற்று மழையில் ஒரு பெண் அதைப் படித்தாள். கையில் குழந்தை. அவள் சிரிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் உதவிக்காரனிடம் சக்கரத்தைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் போட் கரை சேர்ந்துவிட்டது. எல்லாரும் குடையை விரித்தார்கள். அதற்குள் எந்தக் குடை அவளுடையது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

செவரின்